பழைய காரின் மின்சார சோக்: சேலத்திலும் ஏற்காட்டிலும் பழுது பார்க்கும் முறை

காலையில் சேலத்தில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்ட வண்டி, கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் திணறத் தொடங்குகிறது. பின்னால் கரும்புகை, உள்ளே பெட்ரோல் வாடை, காலை எடுத்தால் நின்றுவிடுமோ என்ற பயம். உடனே எல்லோரும் ஜெட்டைக் கழற்றுவார்கள், ஃப்ளோட்டைச் சந்தேகப்படுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் நிற்கும் தகட்டைப் பாருங்கள். வண்டி இவ்வளவு தூரம் ஓடிய பிறகும் அந்தத் தகடு காற்று வழியை அடைத்தபடி படுத்துக் கிடந்தால் கோளாறு சோக்கில்தான்.

அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் டாஷ்போர்டில் உள்ள குமிழை இழுத்தால் கேபிள் வழியாக சோக் மூடும், தள்ளினால் திறக்கும். அங்கே மறதி மட்டும்தான் கோளாறு. மின்சார சோக் அப்படியல்ல, தானாக மூடித் தானாகத் திறக்க வேண்டியது. நம் பக்கத்தில் இது அதிகம் கண்ணில் படுவது வோக்ஸ்வேகன் பீட்டில்களின் சோலெக்ஸ் கார்புரேட்டரிலும், பழைய ஜீப்களிலும் கார்களிலும் மாற்றிப் பொருத்தப்பட்ட வெபர் 32/36 டிஜிஇவி கார்புரேட்டரிலும். வெபரில் பெயரைக் கவனமாகப் படியுங்கள்: டிஜிஇவி மின்சாரத்தில் சூடாகும் சோக், டிஜிஏவி ரேடியேட்டர் தண்ணீரில் சூடாகும் சோக், வெறும் டிஜிவி கையால் இழுப்பது. கீழே சொல்லும் மின்சாரச் சோதனைகள் முதல் வகைக்கு மட்டுமே.

உள்ளே நடப்பது

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி மேனிஃபோல்டின் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட, காற்று வரும் வழியை சோக் தகடு அடைத்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. தகட்டைப் பிடித்திருப்பது ஒரு சுருள்வில். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த அந்த வில், குளிரில் இறுகித் தகட்டை மூடும், சூட்டில் தளர்ந்து திறக்கும். கார்புரேட்டரின் பக்கத்தில் மூன்று திருகுகளோடு இருக்கும் வட்டமான மூடிக்குள் அந்த வில்லும், அதைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியும் இருக்கின்றன. இக்னிஷன் போட்டதும் ஹீட்டருக்குக் கரண்ட் போகும், இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் தகடு செங்குத்தாக நின்றுவிட வேண்டும்.

இந்த ஹீட்டருக்கு எஞ்சினின் சூடு தெரியாது. அது ஒரு கடிகாரம் மாதிரி, கரண்ட் வந்த நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. கரண்ட் குறைந்தால் கடிகாரம் மெதுவாக ஓடும், கரண்ட் வராவிட்டால் ஓடவே ஓடாது. மின்சார சோக்கின் பெரும்பாலான கோளாறுகள் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், திருப்புளிகள், கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, பழைய பல் துலக்கும் பிரஷ், 5 ஆம்பியர் ஃபியூஸும் அதன் ஹோல்டரும், 1 சதுர மில்லிமீட்டர் வயர் இரண்டு மீட்டர், ஸ்பேட் லக் நாலைந்து, சுத்தமான துணி. பக்கத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்று கட்டாயம். ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை ஓடவிடாதீர்கள், சோக் மூடிய எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாகக் கார்பன் மோனாக்சைடு விடும். ஃபேன் பெல்ட் பக்கம் துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் கார்புரேட்டரின் வாயைத் துணியால் மூடிவிட்டுத்தான் திருகுகளைத் தொடுங்கள். சோக் மூடியின் சின்னத் திருகு ஒன்று உள்ளே விழுந்தால் நேராக வால்வுக்குப் போகும். அதன் பிறகு இது சோக் வேலையாக இருக்காது, ஹெட் இறக்கும் வேலையாகிவிடும்.

முதல் படி: குளிர்ந்த எஞ்சினில் கண்ணால் பார்த்தல்

இரவெல்லாம் நின்ற வண்டியில் இதைச் செய்யுங்கள். இக்னிஷன் போடாமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே ஒரு முறை முழுவதும் மிதித்து விடுங்கள். தகடு சட்டென்று மூட வேண்டும். மிதிக்காமல் மூடாது, ஏனென்றால் குளிரில் எஞ்சின் வேகத்தைக் கூட்டி வைக்கும் ஃபாஸ்ட் ஐடில் கேம் என்ற படிக்கட்டுத் தகடு ஆக்ஸிலரேட்டர் லீவரில் சிக்கிக்கொண்டு அதைப் பிடித்திருக்கும். புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்கள் பலருக்கு இது தெரியாது. மிதிக்காமலே செல்ஃப் அடித்துப் பார்த்து, காலையில் பிடிக்கவில்லை, சோக் போய்விட்டது என்பார்கள்.

மிதித்தும் மூடவில்லை என்றால் விரலால் தகட்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கரகரவென்று பிடித்தால் தண்டில் பிசின் ஏறியிருக்கிறது. ஒரு பிடிமானமும் இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் வில் லீவரில் மாட்டவில்லை, அல்லது ஒடிந்துவிட்டது. மென்மையாக எதிர்த்து, விட்டதும் மறுபடி மூடினால் வில் நன்றாக இருக்கிறது.

பிசினுக்கு மருந்து கார்புரேட்டர் கிளீனர் மட்டும்தான். தண்டின் இரு முனைகளிலும் அடித்து, பிரஷால் தேய்த்து, பத்துப் பதினைந்து முறை தகட்டை ஆட்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு நன்றாக இருக்கும், பிறகு ரோட்டுப் புழுதியை இழுத்துக்கொண்டு முன்பைவிட மோசமாகப் பிடிக்கும்.

இரண்டாவது படி: கரண்ட் வருகிறதா

சோக் மூடியில் இருக்கும் வயரைப் பிடுங்கி, இக்னிஷன் போட்டு, வயரின் லக்கில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரியாவிட்டால் மேலே எதையும் கழற்ற வேண்டாம், ஃபியூஸிலிருந்து வயரைப் பின்தொடருங்கள். ஏற்காட்டில் நிற்கும் வண்டியென்றால் முதலில் லக்கைப் பாருங்கள். மலைப் பனியிலும் மழையிலும் பித்தளை லக் பச்சை பூத்து, மேலே பார்க்க மாட்டியிருப்பது போலவே இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. மணல் தாளால் தேய்ப்பதைவிட வெட்டி எறிந்து புது லக் கிரிம்ப் செய்வது நல்லது.

பீட்டிலில் ஒரு வசதி உண்டு. இக்னிஷன் காயிலின் 15ஆம் முனையிலிருந்து வரும் வயர்தான் சோக்குக்கும், பிந்திய சோலெக்ஸ்களில் இருக்கும் ஐடில் கட் ஆஃப் சாலினாய்டுக்கும் (இக்னிஷனை நிறுத்தியதும் ஸ்லோ பெட்ரோலை அடைக்கும் மின்வால்வு) போகிறது. இக்னிஷன் போட்டதும் கார்புரேட்டரில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் சாலினாய்டு வரை கரண்ட் வந்துவிட்டது. சத்தமும் இல்லை, வண்டி ஸ்லோவில் நிற்கவும் இல்லை, சோக்கும் திறக்கவில்லை என்றால் அந்த ஒரே வயர்தான் காரணமாக இருக்கும்.

லேம்ப் எரிந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். வயரை மறுபடி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை சோக் முனையிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தால் சோக்கில் 13.3க்குக் குறையக் கூடாது. 11.5தான் வருகிறதென்றால் அது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஹீட்டரின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

இன்னொரு பொறி, காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர். சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் இது இருக்கும். வசதியாக இருக்கிறதே என்று அதற்குப் பின்னால் காயிலின் முனையிலிருந்து சோக்குக்கு வயர் எடுத்துவிடுகிறார்கள். அங்கே ஓடும்போது 7, 8 வோல்ட்தான் கிடைக்கும். 12 வோல்ட்டில் வர வேண்டிய சூட்டில் பாதிகூட வராது. கூடவே காயிலுக்கும் கரண்ட் குறைந்து மிஸ்ஸிங் சேர்ந்துகொள்ளும். சோக்குக்குத் தனியாக, ஃபியூஸுடன், இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் முழு 12 வோல்ட் லைன் வேண்டும்.

சோதனை நேரத்தில் இக்னிஷனைப் போட்டபடி எஞ்சினை நிறுத்தி வைக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறி வெந்துவிடும். நேரம் ஆகும் என்று தெரிந்தால் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் வயரைப் பிடுங்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள்.

மூன்றாவது படி: எர்த்

இதில்தான் கைதேர்ந்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு முனை மட்டும் உள்ள சோக்கில், கரண்ட் திரும்பிப் போவது மூடியின் உலோகம், கார்புரேட்டர், மேனிஃபோல்டு வழியாக. இடையில் தடித்த பிளாஸ்டிக் ஸ்பேசர், பெயின்ட், மூடிக்கு அடியில் யாரோ வெட்டிப் போட்ட கேஸ்கட் ஏதாவது இருந்தால் பாதை அடைபடும். 12 வோல்ட் சரியாகக் காட்டும், ஹீட்டரில் சூடு வராது. முழு வோல்டேஜ் வந்தும் சோக் மூடி சில்லென்று இருந்தால், ஒரு வயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைச் சோக் மூடியின் உலோக வளையத்திலும் அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் தகடு அசையத் தொடங்கினால் பழுது எர்த்தில். மூடியின் திருகு ஒன்றின் கீழ் ரிங் லக் வைத்து எஞ்சின் பிளாக்குக்கு நிரந்தரமாக ஒரு வயர் போட்டுவிடுங்கள்.

நான்காவது படி: ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா

வயரைப் பிடுங்கி, குளிர்ந்த சோக்கில் முனைக்கும் மூடியின் உலோகத்துக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். 12 வோல்ட் சோக்குகள் பெரும்பாலும் சில ஓமிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டும். 8 ஓம் என்றால் ஓடும்போது ஒன்றரை ஆம்பியர் எடுக்கும், ஏறத்தாழ 18 வாட். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட், ஃபியூஸ் அடிக்கடி போவதற்கு அதுதான் காரணம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மூடியை வெளியே எடுத்து, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியில் நேராகக் கொடுத்து, வில்லின் கொக்கி நகர்வதைக் கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நன்றாக விலகி, கரண்டை எடுத்ததும் மெதுவாகத் திரும்ப வேண்டும். நகராத மூடியை ரிப்பேர் செய்ய முயல வேண்டாம், புதிதாக வாங்கிப் போடுங்கள்.

பீட்டிலுக்கு மூடி வாங்குகிறவர்கள் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 1967 மாடலுக்கு முந்தைய பீட்டில்கள் 6 வோல்ட் வண்டிகள். பிறகு பலவற்றை 12 வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள், சோக்கை மட்டும் மறந்திருப்பார்கள். 6 வோல்ட் ஹீட்டருக்கு 12 கொடுத்தால் நான்கு மடங்கு சூடு. சோக் மிக வேகமாகத் திறக்கும், சீக்கிரமே கருகும். எதிர்மாறாக, 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் மூடி போட்டால் சோக் திறக்கவே யுகமாகும்.

ஐந்தாவது படி: மூடியைத் திரும்ப மாட்டி செட் செய்தல்

நேரம் ஒதுக்கிப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. இங்கே நடக்கும் தவறு நமது ஊருக்கே உரியது.

கழற்றும் முன் மூடியிலும் கார்புரேட்டரிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது வில்லின் கொக்கிக்குள் சோக் லீவர் நுழைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மூடியை இரு பக்கமும் லேசாகத் திருப்பினால் தகடு கூடவே அசைய வேண்டும். அசையாவிட்டால் கொக்கி மாட்டவில்லை. மூன்று திருகுகளையும் மாறி மாறி, விரல் பலத்தில் மட்டும் முடுக்குங்கள். பீட்டிலின் மூடிக்குள் இருப்பது பீங்கான், அதிகம் இறுக்கினால் விரிசல் விட்டுவிடும்.

மூடியின் வெட்டுக்குறியைக் கார்புரேட்டரின் நடுக்கோட்டுக்கு நேராக வைப்பதே கம்பெனி முறை. ஐரோப்பியக் குளிரை மனத்தில் வைத்துப் போட்ட கோடு அது. நமக்கு அது தொடக்கப் புள்ளி மட்டுமே. எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் மாறும், ஆகவே தகட்டைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். தகடு மெல்ல வந்து மூடி, விரல் நுனி பட்டாலே திறக்கிற அளவில் நிறுத்த வேண்டும்.

இதை எங்கே, எப்போது செய்கிறோம் என்பதுதான் முக்கியம். சித்திரை மதியம், அஸ்தம்பட்டியில் ஒரு ஷெட்டில், 38 டிகிரி வெயிலில் வில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அப்போது தகடு மூடும்வரை மூடியைத் திருப்பி முடுக்கினால், அதே வில் மார்கழி விடியலில் ஏற்காட்டில் 13 டிகிரியில் கல்லாக இறுகி நிற்கும். ஹீட்டர் முதலில் அந்த இறுக்கத்தைக் கரைத்துவிட்டுத்தான் திறக்கத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும். இதற்கு மாறாக, குளிரில் செட் செய்த வண்டி சேலத்து வெயிலில் சோக் முழுதாக மூடாமல் நிற்கும். அதனால் கெடுதல் இல்லை, அந்தச் சூட்டில் எஞ்சினுக்கு சோக் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

ஆகவே வண்டி இரவு தங்கும் இடத்தில், விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன் செட் செய்யுங்கள். சேலத்தில் தங்கி வாரம் ஒருமுறை மலையேறும் வண்டியென்றால் அதற்குப் பிறகு ஒரு கோடு திறக்கும் பக்கமாக வைத்து முடுக்குங்கள். எஸ்டேட்டிலேயே தங்கும் வண்டிக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

வண்டி பிடித்த அந்த நொடியிலேயே தகடு 3 முதல் 6 மில்லிமீட்டருக்குள் தானாக விலக வேண்டும். இது வில்லின் வேலையல்ல, எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தில் இழுக்கும் புல் ஆஃப் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வின் வேலை. சரியான அளவு உங்கள் கார்புரேட்டரின் மேனுவலில் இருக்கும், அந்தத் தடிமனுள்ள டிரில் பிட்டை இடைவெளியில் விட்டுப் பாருங்கள். பிடித்து இரண்டு நொடியில் ‘புஸ்’ஸென்று அணைந்து, மறுபடி பிடித்து மறுபடி அணைகிற வண்டியில் பெரும்பாலும் இந்த டயாஃப்ரம்தான் கிழிந்திருக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை விரைவில் கெடுக்கிறது. புதிதாக வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் கிட் கேட்டு வாங்குங்கள்.

மலையேறும்போது

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே பெட்ரோலைக் கொட்டும். சோக் முழுதாகத் திறந்திருந்தாலும் கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம் கூடிவிடும். கீழே கண்ணுக்குத் தெரியாத அரைகுறை சோக், மேலே புகையாக வெளிப்படுவது இதனால்தான். சேலத்தில் நன்றாகத்தானே ஓடியது என்று சோக்கை விட்டுவிட்டு வேறெங்கோ தேடாதீர்கள்.

வழியில் சோக் மூடியபடி சிக்கிக்கொண்டால், வளைவில் நிறுத்தாமல் அகலமான ஓரம் பார்த்து ஒதுக்குங்கள். எஞ்சினை நிறுத்தி, வாயைத் துணியால் மூடி, மூன்று திருகுகளையும் தளர்த்துங்கள். துணியை எடுத்து, தகடு செங்குத்தாக நிற்கும்வரை மூடியைத் திருப்பி, மறுபடி முடுக்குங்கள். ஏற்காடு போய்த் திரும்பும்வரை இது போதும். கம்பியால் தகட்டைக் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கம்பி அறுந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை மேலேயே சொல்லியாயிற்று.

ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் சூடான வண்டி பிடிக்க மறுக்கிறதா? மின்சார சோக்கின் இயல்பான பலவீனம் இது. எஞ்சின் பிளாக் ஒரு மணி நேரமானாலும் சூட்டோடு இருக்கும், சோக் மூடியோ குளிர்காற்றில் கால் மணி நேரத்தில் ஆறிவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கேம் விலகி, தேவையே இல்லாத சோக் மூடிக்கொள்ளும். எனவே சூடான வண்டியில் மிதிக்காமல் செல்ஃப் அடியுங்கள். ஏற்கெனவே மிதித்துப் பெட்ரோல் நிரம்பிவிட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி, பம்ப் செய்யாமல், ஐந்து நொடி செல்ஃப் அடித்து, இடைவெளி விட்டு, மறுபடி அடியுங்கள். முழுதாக மிதித்தால் சோக் தகட்டை வலுக்கட்டாயமாகத் திறக்கும் அமைப்பு பெரும்பாலான கார்புரேட்டர்களில் உண்டு.

செல்ஃப் அடிக்கும் முன் வெகுநேரம் இக்னிஷனைப் போட்டுவைக்கும் பழக்கமும் கெடுதல். எஞ்சின் குளிராக இருக்க, சோக் மட்டும் சூடாகித் திறந்துவிடும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் நாலு முனை ரிலே ஒன்று போட்டு இதைத் தீர்க்கலாம்: 30க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர், 87 சோக்குக்கு, 85 எர்த், 86 ஆல்டர்னேட்டரின் சார்ஜிங் விளக்கு முனைக்கு. எஞ்சின் பிடித்துச் சார்ஜ் தொடங்கிய பிறகே ஹீட்டருக்குக் கரண்ட் போகும்.

சோக் அல்லாத சோக் கோளாறு

தகடு செங்குத்தாக நிற்கிறது, இருந்தும் கரும்புகை என்றால் மூன்றைப் பாருங்கள்: கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு ஒழுகி ஃப்ளோட் மட்டம் ஏறியிருப்பது, புழுதி அடைத்த ஏர் ஃபில்டர், கேம் சிக்கியதால் இறங்காத ஃபாஸ்ட் ஐடில். எஞ்சினை நிறுத்தியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நின்ற பிறகும் பெட்ரோல் சொட்டினால் நீடில் வால்வுதான்.

நீண்ட நாள் சோக் மூடியபடி ஓடிய வண்டியில், பழுதைச் சரிசெய்த கையோடு ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கியிருக்கும். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் முன்பைவிட உயர்ந்திருந்தாலோ, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் மலையேற்றுங்கள். பிளக்குகளையும் கழற்றி, மேலேறிய கரியைத் துடைத்து, முனை இடைவெளியைப் பார்த்து மாட்டுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பிளக்குகளை மறுபடி கழற்றுங்கள். முனை காப்பித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தால் சோக் சரியாகிவிட்டது. இன்னும் கறுப்பாகவே இருந்தால் மறுநாள் விடியலில், எஞ்சின் குளிர்ந்த நிலையில், முதல் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.